படிப்பு மாத்திரை

“…மெண்டலுக்குக் குடுக்கற மாத்திரைன்னு இந்த வாய்தானே அண்ணி சொல்லிச்சி? பொட்டப்புள்ளைக்குக் குடுத்தா நாளைக்கு எவன் கட்டிக்குவான்னு கேட்டீங்களே. இப்போ உங்க புள்ளைக்குன்னா மட்டும் அது படிப்பு மாத்திரை ஆயிடிச்சா?”

ஆந்திர எல்லையிலுள்ள நகரியில், தெருக்குழாயில் பெண்கள் குடத்தோடு நிற்கிற காலை நேரத்தில், அத்தை வீட்டு வாசலில் நின்று அம்மா இப்படிக் கேட்டாள். அத்தை, நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, மூத்தவள். அவளை எதிர்த்து அம்மா அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் பள்ளிச் சீருடையில், அம்மாவின் பிடியில் கை வலிக்க நின்றிருந்தேன். அன்றைக்கு எனக்குக் கணக்குப் பரீட்சை.

அப்போதெல்லாம் நான் ஓர் இடத்தில் உட்கார மாட்டேன், ஆரம்பித்த வரியை முடிக்க மாட்டேன். ‘குதுரு லேது’ என்று டீச்சர் தெலுங்கில் சொல்வார், நிலைகொள்ளவில்லையாம். உறவுக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். கொழுப்பு என்றார்கள், செல்லம் என்றார்கள், காலில் சக்கரம் என்றார்கள். நாராயணவனம் கோயிலுக்கு இழுத்துப் போய்க் கயிறு கட்டினாள் அத்தை. திருப்பதியில் ஒரு டாக்டர்தான் என்னிடமே பேசி, இதற்கு ஏடிஎச்டி என்று பேர், இது திமிர் இல்லை பாப்பா என்றார். மாத்திரை அவர் எழுதித் தந்தால்தான் கடையில் கொடுப்பார்கள். வேறு யாருக்கும் கொடுத்துவிடக் கூடாது என்று அம்மாவிடம் அழுத்திச் சொன்னார். அந்த மாத்திரைக்காக அம்மா மாதாமாதம் தறி வேலைக்கு லீவு போட்டு பஸ் ஏறினாள்.

மாத்திரை என்னை மேதையாக்கிவிடவில்லை. எடுத்த கணக்கை முடிக்க முடிந்தது, அவ்வளவுதான். என் மார்க்கைப் பார்த்த அத்தைக்கு அதுவே போதுமாக இருந்தது. அவள் மகனுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. முந்தின நாள் அம்மா இல்லாத நேரம் பார்த்து வந்து கேட்டிருக்கிறாள். நைனா மிச்சமிருந்த அட்டையை அப்படியே எடுத்துக் கொடுத்திருக்கிறார். காலையில் காலி டப்பாவோடு அம்மா அவர் முன்னால் போய் நின்றபோது, அக்கா கேட்டால் எப்படி இல்லை என்பது என்று முனகினார். ஸ்ரீ சிட்டி கம்பெனியில் சூப்பர்வைசரையே எதிர்த்துப் பேசுகிறவர் என்று அவருக்குப் பேர்.

“நம்ம வூட்டுப் புள்ளதானே அவனும். ரெண்டு மாத்திரையில என்னாடி கொறஞ்சி பூடும்?” என்றாள் அத்தை. அவள் முதுகுக்குப் பின்னால்தான் மகன், நெஞ்சு படபடக்கிறது என்று விடிய விடியத் தூங்காமல் சுவரில் சாய்ந்து கிடந்தான். அவனை வைத்துக்கொண்டுதான் கேட்டாள்.

முதலில் இவனை ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்கள் என்று மட்டும் அம்மா சொன்னாள். உள்ளே போய், டிவி மேலிருந்த அட்டையை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள். வீட்டில் எனக்கு மாத்திரை கொடுப்பதென்றால் கதவைச் சாத்துவாள், யாராவது கேட்டால் சத்து மாத்திரை என்பாள். அப்படிப்பட்டவள் அன்று குழாயடியில் அத்தனை பேரும் பார்க்க மாத்திரையைப் பிரித்தாள். என் மானத்தை நடுத்தெருவில் கொட்டுகிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. அத்தை மேல் வராத கோபம் அம்மா மேல் வந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அம்மா, யார் வீட்டுக் குடம் என்றுகூடப் பார்க்காமல் ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு, என் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, நான் விழுங்கி முடிக்கும்வரை அவர்கள் நடுவிலேயே நின்றாள்.