கடலுக்கடியில் ஒரு பஸ் ஸ்டாப்

என் கணவரிடம் இப்போது மிச்சமிருப்பது ஒரே ஒரு வார்த்தை. "செரி." இரண்டு வருடங்களுக்கு முன்பு எங்கள் பெயிண்ட் கடையில் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது பக்கவாதம் வந்து விழுந்தார். வலக்கை, வலக்கால், பேச்சு மூன்றும் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் இந்த ஒரு சொல் மட்டும் திரும்பி வந்தது. அன்றைக்கு நான் சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். இப்போது அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

சோறு வேணுமா என்றால் செரி. வேண்டாமா என்றாலும் செரி. வலிக்குதா, செரி. வலிக்கலியா, அதற்கும் செரி. ஒருநாள் எரிச்சல் தாங்காமல், "நான் செத்துப் போவட்டா?" என்று கேட்டேன். அதற்கும் தலையை ஆட்டி, "செரி" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. முகத்தைக் கழுவிவிட்டு வந்து படுக்கைவிரிப்பை மாற்றினேன்.

படுத்த ஆளை நாளுக்கு எத்தனை தடவை தூக்கி உட்கார வைக்க வேண்டும் என்பது தூக்கினவர்களுக்குத்தான் தெரியும். கக்கூஸுக்குப் போக, குளிக்க, முதுகு புண்ணாகாமல் புரட்டிப் போட. ஒவ்வொரு தடவையும் அவர் பாரம் முழுக்க என் இடது தோளில்தான். இத்தனைக்கும் அவர் மெலியவில்லை. மெலிந்தது நான்தான்.

துபாயிலிருந்து லீவில் வந்த மகன் என்னைப் பார்த்த அன்றே முடிவு செய்துவிட்டான். "அம்மா, நீ கண்ணாடில ஒன்ன பாத்தியா? ரெண்டு பேரையும் சேத்து எடுக்க வேண்டி வரும்." அருமனைப் பக்கம் இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்கிற ஒரு ஹோம் இருந்தது. நானும் போய்ப் பார்த்தேன். சுத்தமான அறை, வெள்ளை விரிப்பு, பின்னால் ரப்பர் தோட்டம், நல்ல காற்று. எனக்கும் ஒரு கட்டில் கிடைக்குமா என்று கேட்க வாய் வரை வந்தது. திங்கட்கிழமை வண்டி வருவதாக ஏற்பாடு.

ஊர் என்ன சொல்லும் என்று எனக்குக் கவலையில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. எனக்கு இருந்த முட்டுக்கட்டை வேறு. அவரிடம் சொல்ல வேண்டும், கேட்க வேண்டும். கேட்டால் "செரி" என்பார். எதற்கும் சொல்கிற அந்தச் செரியைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வண்டியில் ஏற்றிவிட்டால், அதற்குப் பிறகு நான் எப்படிச் சோறு தின்பேன்? அதனால் கேட்காமலே நாளைக் கடத்தினேன்.

அப்போதுதான் எங்களை அச்செடுத்துக் கடலுக்கடியில் சிலையாக வைத்தவர்களிடமிருந்து மறுபடி ஃபோன் வந்தது. "அக்கா, சிலைக்கு இருந்தவங்க எல்லாரும் வந்து பாத்துட்டுப் போய்ட்டாவ. நீங்க மட்டும்தான் பாக்கி. தண்ணி இப்ப நல்லா தெளிஞ்சு கெடக்கு." ஒரு வருடமாக நான் வேலை இருக்கிறது என்றே சொல்லி வந்தவள். அன்றைக்கு என்னவோ, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மகனிடம், "ஒருநாள் ஒனக்க அப்பாவ நீயே பாரு" என்றேன்.

அந்தச் சிலை விவகாரம் மூன்று வருடங்களுக்கு முந்தையது. எங்கள் அஞ்சுகிராமத்துக் கடைக்கு ஒரு பெண் சிற்பி வந்தார். கிராப்பு வெட்டிய தலை, சட்டை முழுக்கச் சிமெண்ட். கடலுக்கடியில் ஒரு பஸ் ஸ்டாப் செய்யப் போவதாகவும், அதில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களாக இந்த ஊர் ஆட்களையே அச்செடுக்கப் போவதாகவும் சொன்னார். உற்றுப் பார்த்தால் முகம் தெரிய வேண்டுமாம், பாசியும் சிப்பியும் ஏறி மீன் குடியிருக்க வேண்டுமாம். என் கணவர் உடனே எங்கள் இருவர் பெயரையும் கொடுத்துவிட்டார்.

நாங்கள் அய்யாவழிக் குடும்பம். எங்கள் வீட்டில் சிலை கிடையாது, விளக்கும் கண்ணாடியும்தான். சாமியையே சிலையாக வைக்காத வீட்டில் மனுஷனுக்குச் சிலையா என்று அவருடைய சித்தப்பா பிடித்துக்கொண்டார். இவர் அசரவில்லை. "கும்பிடவா போறாவ? மீனு குடியிருக்க ஒரு வீடு. நாம சும்மா வாசப்படி" என்றார். அந்த வாய்தான் இன்றைக்கு ஒரு சொல்லோடு கிடக்கிறது.

அச்செடுக்கிற நாளில் ஊரே ஸ்டுடியோவில் ஃபோட்டோ எடுக்க வருகிற மாதிரி வந்து நின்றது. நான் பட்டுச்சேலை, தலைநிறைய பிச்சிப்பூ. இவர் பவுடர் வேறு போட்டிருந்தார். சிற்பி தலையில் கை வைத்துக்கொண்டார். பஸ்ஸுக்குப் போகிறபோது உடுத்துவதை உடுத்தி வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார். பிறகு ஒவ்வொருவராக உட்கார வைத்து, முகம், கழுத்து, கையெல்லாம் குளிர்ந்த பசையைப் பூசி, மேலே எலும்பு முறிந்தால் போடுகிற மாவுக்கட்டைச் சுற்றினார்கள். மூக்குத் துவாரம் மட்டும் திறப்பு. அரைமணி நேரம் கண்ணை மூடி அசையாமல் இருக்க வேண்டும்.

யாரும் எதற்கும் கூப்பிடாத அரைமணி நேரம் எனக்கு அதற்கு முன்னால் எப்போது கிடைத்தது என்று நினைவில்லை. உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் தூங்கிவிட்டேன். தலை இடப்பக்கம் தொங்கிவிட்டது. எழுப்பினபோது நான், "தப்பாயிட்டா, மறுபடி எடுங்க" என்றேன். சிற்பி வேண்டாம், இதுதான் வேண்டும் என்றார். என் கணவர் வீடு வரும் வரை விடவில்லை. "ஏட்டி, ஒனக்க கொறட்டைக்கும் அச்சு எடுத்தாவளா?"

சிலைகளைக் கடலில் இறக்கிய அதே மாதத்தில்தான் அவர் விழுந்தார். எங்கள் இருவரில் ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை கடற்கரையில் எனக்காக ஒருவர் காத்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். கல்ஃபில் இருபது வருடம் கப்பல்களுக்கு அடியில் வெல்டிங் செய்தவர், இப்போது இங்கே ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டுகிறார். கண்ணும் மூக்கும் மூடுகிற கண்ணாடி, வாயில் கவ்வுகிற மூச்சுக்குழாய், மிதக்கிற ஜாக்கெட் எல்லாம் மாட்டிவிட்டார். "நீந்துவியளா அக்கா?" என்றார். நான் திற்பரப்பில் பிறந்தவள். கோதையாற்றில் முங்கி அடிமணலை அள்ளிக்கொண்டு வந்தவள். ஆனால் கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் பக்கெட் தண்ணீர் தவிர வேறு தண்ணீரில் இறங்கவில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை.

படகில் கால்மணி நேரம். அலையைத் தடுக்கப் போட்டிருந்த பாறைச் சுவருக்கு உட்பக்கம் கடல் குளம் மாதிரி கிடந்தது. இறங்கியதும் குழாய் வழியாக உப்புவெள்ளம் வாய்க்குள் போய், இருமி, கண்ணாடியைக் கழற்றி, "எனக்கு வேண்டாம், வீட்டுக்குப் போவணும்" என்றேன். அவர், "பைய, அக்கா. வாய் வழியா மூச்சு விடணும். மூக்க மறந்துருங்க" என்றார். தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று மறுபடி முகத்தை வைத்தேன்.

கீழே, இரண்டு ஆள் ஆழத்தில், ஒரு பஸ் ஸ்டாப் இருந்தது. கூரை, கம்பம், நீள பெஞ்சு. குடையோடு ஒருவர் நின்றார். சந்தைக்குப் போகும் மீன்காரியின் கூடைக்குள் நிஜமாகவே சின்ன மீன்கள் போய் வந்துகொண்டிருந்தன. எல்லோரும் ஒரே திசையைப் பார்த்து நின்றார்கள். எங்கள் ஊரில் நாகர்கோவில் பஸ் வரத் தாமதமானால் நிற்கிற அதே நிற்பு. பெஞ்சின் கடைசியில் நாங்கள்.

முதலில் அவரைத்தான் பார்த்தேன். வாய் கோணவில்லை. இரண்டு கண்ணும் ஒரே மட்டத்தில். வலக்கை முட்டின்மேல் விரிந்து கிடந்தது. தினமும் காலையில் நான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து நிமிர்த்துகிற கை. நிமிர்த்திவிட்டுத் திரும்புவதற்குள் சுருண்டுகொள்கிற கை.

அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தேன். என் தலை அவர் தோளில் இருந்தது.

ஐயோ, நாலு பேர் பார்க்கிற இடத்தில் இப்படியா என்று முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. எங்களைத் தனித்தனியாகத்தான் அச்செடுத்தார்கள். தொங்கின என் தலைக்குக் கீழே அவர் தோள் வருகிற மாதிரி சிற்பி கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார். முப்பத்தொரு வருடத்தில் நான் அப்படிச் சாய்ந்ததே கிடையாது. பஸ்ஸில் போனாலும் எங்களுக்கு நடுவில் ஒரு பை இருக்கும். தூக்கம் வந்தால் நான் ஜன்னல் கம்பியில்தான் சாய்வேன்.

தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கி, கூட்டிவந்தவரிடம், "ஜாக்கெட்ட அவுத்துத் தாங்க. ஒரு தடவ பக்கத்துல போய்ட்டு வாறேன்" என்றேன். அவர் தயங்கினார். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கழற்றி, "தொடப்பிடாது கேட்டியளா" என்று கையைப் பிடித்துக் கூடவே வந்தார். ஆற்றில் முங்கினது உடம்புக்கு மறக்கவில்லை. பக்கத்தில் போனபோது எங்கள் இருவர் தோளையும் தலையையும் சேர்த்து ஒரே பாசியாக மூடியிருந்தது. அவள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அவள்மேல் பொறாமை வந்தது. சிலைமேல் பொறாமைப்பட்ட ஒரே மூதேவி உலகத்தில் நானாகத்தான் இருப்பேன்.

மேலே வந்து இருமினேன். "பயந்துட்டியளா?" என்றார். இல்லை என்றேன். படகில் திரும்புகிற வழியெல்லாம் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. இந்த இரண்டு வருடமாக நான் அந்த மனுஷனைத் தூக்கினேன், புரட்டினேன், துடைத்தேன். கடையில் சிமெண்ட் மூட்டையை இறக்குகிற மாதிரி. அவர் பக்கத்தில் போய்ச் சும்மா உட்காரவே இல்லை.

வீட்டுக்கு வந்தபோது மதியம் இரண்டரை. மகன் சட்டை நனைந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். "அம்மா, இத எப்படி நீ டெய்லி செய்த?" என்றான். உள்ளே போனேன். தலையில் உப்புத் தண்ணீர் காயவில்லை. கட்டிலில் அவருடைய இடப்பக்கம், நல்ல தோள் இருக்கிற பக்கம், உட்கார்ந்தேன்.

"கேட்டியளா? எனக்கு முடியல்ல. ஒங்கள அருமனைல ஒரு ஹோமுல கொண்டு விடலாம்னு பாக்கோம். நல்லா பாத்துக்கிடுவாவ. திங்கக்கெழம வண்டி வரும். போறியளா?"

அவர் என்னைப் பார்த்தார். வாய் அசைந்தது. அந்தச் சொல் வருவது எனக்குத் தெரிந்தது. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். இடக்கை கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தது.

"வாயில என்ன, கொழுக்கட்டையா? நான் சாவதுக்கே செரி சொன்ன வாயிதானே? இதுக்கும் சொல்லுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

சொல்லவில்லை. கடைசியில் நான் வாசலில் நின்ற மகனிடம், "மக்கா, வண்டி வேண்டாம்னு சொல்லிரு" என்றேன்.

"அம்மா, நீ விழுந்துருவ."

"ஒத்தைக்குப் பாத்தா விழத்தான் செய்வேன். பகலுக்கு ஒரு ஆளு வச்சுத் தா. நீயும் லீவு முடியது வர கூட நின்னு தூக்கு."

நல்ல காரியம் செய்த நிறைவு ஒன்றும் வரவில்லை. திங்கட்கிழமை ராத்திரி தூங்கலாம் என்றிருந்த தூக்கம் போயிற்றே என்றுதான் முதலில் தோன்றியது. உடம்பு முழுக்க வலித்தது. எழுந்துபோய்த் தலை துவட்டக்கூட முடியவில்லை. அப்படியே அவர் இடது தோளில் ஈரத் தலையோடு சாய்ந்தேன். அவர் அசையவில்லை.

"கனமா இருக்கா?" என்று கேட்டேன்.

"செரி" என்றார்.