ஐந்தாவது போல்ட்

"கடல்சார் வெளியிணைப்பு இயந்திர நிபுணர், முதலாம் தரம்" என்கிறது திலக்ஷனின் அடையாள அட்டை. மலைநாட்டு நீர்த்தேக்கத்தைத் தவிர வேறு தண்ணீரை அவர் கண்டதில்லை; அதையும் பெரும்பாலும் கரையில் நின்றே கண்டிருக்கிறார்.

ஞாயிறு மாலை தேயிலைத் தோட்டத்துப் படகின் மோட்டார் சூடேறி நின்றுவிட்டது. அதன் கீழ்ப்பகுதியைக் கழற்றி, உள்ளே தண்ணீர் இறைக்கும் ரப்பர் சக்கரத்தை மாற்ற வேண்டும். காலையில் அக்கரையில் பெரட்டு எடுத்து ஆள் கணக்குப் பதிவதற்குள் படகு போய்ச் சேராவிட்டால் கொழுந்துப் பெண்களுக்கு அன்று அரைப்பேர்தான். அரைநாள் வேலைதான் பதிவாகும்.

திலக்ஷன் நான்கு போல்ட்டைக் கழற்றி இழுத்தார். வரவில்லை. சுத்தியலால் தட்டினார்; பெயிண்ட் மட்டும் வந்தது. உடனே கண்ணேறு என்று முடிவுசெய்து, எலுமிச்சம்பழத்தை மோட்டாருக்கு மூன்று முறை சுற்றிக் காலால் நசுக்கினார். படிப்பு தீர்ந்த இடத்தில் பக்தி பிறப்பது நல்ல ஏற்பாடுதான்.

"தம்பி, முன்னுக்கு வாய் பொளக்குது, பின்னுக்குத்தான் புடிச்சிக்கிட்டு இருக்கு. அந்தக் குட்டி வாலுக்குள்ள ஒன்னு இருக்குமோ?" என்றாள் கொழுந்து பறிக்கும் ஜீவராணி.

"அக்கா, கோர்ஸ் படிச்சது நீங்களா, நானா?"

"நீங்கதாங்க. அதான் நாங்க இன்னும் இங்கயே நிக்கிறோம்."

புரொப்பெல்லருக்கு மேலிருந்த சிறு வாலை அவளே கழற்றினாள். அதன் குழிக்குள் ஐந்தாவது போல்ட் இருந்தது. அதையும் கழற்றியதும் கீழ்ப்பகுதி சமர்த்தாக இறங்கியது. ரப்பர் மாறியது, மறுநாள் எல்லோருக்கும் முழுப்பேர்.

இந்த வேலையில் திலக்ஷனின் பங்கும் உண்டு: நான்கு போல்ட்டைக் கழற்றினார். ஒரு எலுமிச்சம்பழத்தை நசுக்கினார்.