கொழுந்தனின் கால்

முட்டி மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த ஜெபசீலன், கட்டிலில் சாய்ந்ததுமே கெஞ்சத் தொடங்கினான். "அண்ணி, முட்டிக்கு அடில ஒரு தலகாணி வைங்களேன். உசுரு போவுது."

செல்லம்மா இரண்டு வருடமாகக் காத்திருந்தது இதற்குத்தான்.

மாடம்பாக்கத்தில் கீழ் வீடு அவளுடையது, மாடி கொழுந்தனுடையது. பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருபத்தாறு வருடம் படியேறித் தேய்ந்த முட்டியை இரண்டு வருடத்துக்கு முன் அவளும் மாற்றிக்கொண்டிருந்தாள். பிசியோதெரபிக்கு வந்த சத்யபிரியா காலை அழுத்தியபோது செல்லம்மா போட்ட சத்தத்தில், மாடியிலிருந்து ஓடி வந்தான் ஜெபசீலன். "இன்னாம்மா, கொல பண்றியா? நாளைலேர்ந்து வராத!" அவளைத் துரத்திவிட்டு, முட்டிக்கு அடியில் தன் கையாலேயே தலையணையைச் சொருகினான். அப்போது சுகமாகத்தான் இருந்தது. இரண்டே மாதத்தில் கால் மடங்கின வாக்கிலேயே இறுகிப்போனது.

மூன்றாம் மாதம் அவள் கணவர் ஏசுபாதம் மாரடைப்பில் போனார். அடக்கத்தன்று கல்லறைகளுக்கு நடுவே அவள் பிடித்து நடந்த வாக்கர் போகவில்லை. "நீங்க ஆட்டோலயே இருங்க அண்ணி," என்றான் ஜெபசீலன். அவள் போட வேண்டிய முதல் பிடி மண்ணை அவன் போட்டான். மதிலுக்கு அப்பால் பாடியது மட்டும் அவள் காதில் விழுந்தது.

இப்போது தலையணை அவள் கையில் இருந்தது. வைத்தால் ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் இவன் நொண்டினால் சபையில் தனி நாற்காலி போடுவார்கள். போதகர் வீடு தேடி வந்து ஜெபம் பண்ணுவார். பார்க்கிறவர்களெல்லாம் 'ஐயோ பாவம்' என்பார்கள். அந்த 'ஐயோ பாவம்' இவனுக்குக் கிடைக்கக் கூடாது.

தலையணையை மூலையில் எறிந்தாள். சத்யபிரியாவை வரவழைத்து, அவள் காட்டியபடியே குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து முட்டியை அழுத்தினாள்.

"யம்மா! வுட்ருங்க அண்ணி! கால்ல வுழறேன்!"

"வுழு. அதுக்கும் முட்டி மடங்கணும்."

தினம் ஐந்து வேளை. அவன் அலற அலற அவளுக்கு உள்ளே இனித்தது. ஒரு வேளையும் தவறவிடவில்லை.

ஆறாம் வாரம், கால் நேராகிவிட்டது என்றார் டாக்டர். கைத்தடி இல்லாமல் கூடத்தில் நடந்து காட்டிய ஜெபசீலனுக்குக் கண் கலங்கியது. "பெத்த தாய்கூட இப்பிடி பாத்துருக்க மாட்டா அண்ணி."

"அன்னிக்கி நீ வெச்ச தலகாணிதான் என் கால மடக்குச்சி. டாக்டரே சொன்னாரு. அதனாலதான் அவருக்கு நான் மண்ணு போடல. நீ போட்ட."

அவன் முகம் வெளுத்தது. "வலிக்குதேன்னுதானே வெச்சேன்... எனக்குத் தெரியாது அண்ணி."

"இப்ப தெரிஞ்சிச்சில்ல? தாம்பரம் வரைக்கும் நட, வண்டலூர் வரைக்கும் நட. ஒவ்வொரு எட்டுக்கும் அது ஞாபகம் வரட்டும்."

ஜெபசீலன் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"செவத்த வுடு," என்றாள் செல்லம்மா. "இன்னும் பத்து சுத்து கீது."