கடுக்காய்த் தண்ணீரும் பழனியின் பாதமும்

புண் நாறுகிறது என்று பக்கத்துக் கட்டில்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்ட அன்று, கட்டுப் போடும் யூனிஸ் தன் சோற்றுத் தூக்கை எடுத்துவந்து பழனியின் காலருகே உட்கார்ந்து சாப்பிட்டாள். அதற்குப் பிறகு அந்த வார்டில் யார் கையும் மூக்குக்குப் போகவில்லை. பழனியின் மனைவி கங்கம்மாளுக்கு அவள்மேல் பக்தியே வந்தது அந்தச் சோற்றைப் பார்த்துத்தான்.

அது எழுபத்தாறாம் வருடம். நகரியில் தறி நெய்த பழனியின் வலது பாதத்தில் ஆறாத புண். சித்தூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஊசிமேல் ஊசி. யூனிஸ் காலையில் கழுவிவிட்டால், மறுநாளைக்குள் பால் ஆடை மாதிரி வழுவழுவென்று ஒரு படலம் புண்ணை மூடிவிடும்.

"கிருமிங்க அதுக்குள்ள ஊராக் கூடிக் குடியிருக்கு. மருந்தை உள்ள விட மாட்டேங்குது," என்றார் டாக்டரம்மா. "திங்கக்கிழமை வரைக்கும் பாப்போம். இல்லேன்னா பாதத்தை எடுத்துடணும்."

இரண்டு காலும் மிதித்தால்தான் தறி ஓடும். கங்கம்மாள் அழுதுகொண்டே அந்தப் படலத்தைப் பார்த்தாள்.

"இன்னாக்கா இது, எங்க தண்ணித் தொட்டியில புடிக்கிற வழுக்கலாட்டமே கீது! தேய்ச்சாலும் போவாது. சாயத்துக்குக் கடுக்கா ஊறுற தொட்டியில மட்டும் புடிக்கவே புடிக்காது."

யூனிஸின் கை அப்படியே நின்றது. நேரே டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னாள். அவர் ஊசியை நிறுத்தாமல், கொதித்து ஆறிய கடுக்காய்த் தண்ணீரில் கழுவிப் பார்க்கச் சம்மதித்தார்.

நான்கு நாள் கழுவினாள். ஞாயிற்றுக்கிழமை மிஷன் கோயில் விருந்துக்குப் பாத்திரமெல்லாம் போய்விட, கையில் கிடைத்த இரும்புச் சட்டியில் காய்ச்சி, துணியை நனைத்துக் கட்டிவிட்டு ஆராதனைக்கு ஓடினாள்.

திங்கள் காலை கட்டைப் பிரித்தார்கள். பாதம் கரிக்கட்டையாக இருந்தது.

"அழுகிப்போச்சே!" என்று ஒரு நர்ஸ் முணுமுணுத்தாள். கங்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். யூனிஸ் பிரித்த கட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

பழனி மட்டும் காலை உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "யக்கா, எந்தச் சட்டியில காய்ச்சினே?"

"இரும்புச் சட்டியில, தம்பி."

"கெட்டுது போ! கடுக்காயும் இரும்பும் சேந்தா கறுப்புச் சாயம். நாங்க பொடவைக்குப் போடறது. எங்காலுக்கு பார்டர் போட்டுட்டியே!"

டாக்டரம்மா உப்புத் தண்ணீரில் மெல்லத் துடைத்தார். கறுப்பு கரையக் கரைய, அடியில் படலம் இல்லை. சேவல் கொண்டை போலச் சிவந்த புதுச்சதை. ஓர் ஓரத்தில் ஒரு துளி நல்ல ரத்தம். மலையில் உதிர்ந்து, மாடுகூடத் திரும்பிப் பார்க்காத காய்! டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யூனிஸ் அந்தச் சிமெண்டுத் தரையிலேயே முழங்காலிட்டாள்.

அதன்பின் ஊசி மருந்து பிடித்தது. இரண்டு மாதத்தில் புண் ஆறியது.

எண்பத்து மூன்றில் யூனிஸ் வேலையை முடித்து, வெதுருகுப்பத்தில் தம்பி வீட்டோடு இருக்கக் கிளம்பினாள். அவளுடைய டிரங்குப் பெட்டியைப் பழனிதான் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தான். அவள் வழிநெடுக அவன் பாதங்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். கங்கம்மாள் அத்தனை வருடம் மனதில் வைத்திருந்ததைக் கேட்டாள்.

"அந்தக் காய்க்குள்ள அப்படி இன்னாதாக்கா கீது?"

"எனக்கு இன்னா தெரியும் கங்கம்மா? வெச்சவருக்குத்தான் தெரியும்," என்றாள் யூனிஸ், பஸ் படியில் ஏறிக்கொண்டே. "யாராச்சும் கேட்டா, ஊசிய மட்டும் வுட்டுடாதீங்கன்னு சொல்லு. அப்பறம், மண்சட்டியில காய்ச்சச் சொல்லு."