சென்னைக்குக் குறுக்கு வழி

போளூரிலிருந்து மேலே ஏறும் ஷேர் ஜீப்பின் கூரையில், உர மூட்டைகளுக்கு நடுவே மல்லாந்து கிடந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. தலைக்கு மேலே ஒரு விமானம் போய்க்கொண்டிருந்தது. சிக்னல் அறுந்துபோவதற்குள் போனில் தேடிப் பார்த்தேன். கோயம்புத்தூரிலிருந்து சென்னை. எங்கள் மலையைத் தாண்டுகிற இடத்தில்தான் அது கீழே இறங்கவே தொடங்குகிறது.

அதுவரை லேப்டாப்பில், விமானம் ஓட்டும் விளையாட்டில், நான் ஓட்டிய விமானங்களுக்கு ஒழுங்கு என்று எதுவும் கிடையாது. ஏறுவேன், சுற்றுவேன், கண்ணில் பட்ட இடத்தில் இறக்குவேன். ஒருமுறை ஏரியில். இன்ஜினியரிங் முடித்து, நாலு கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு வீட்டில் இருப்பவனுக்கு இது போதும் என்றுதான் இருந்தேன். அந்த விமானத்தைப் பார்த்த பிறகு போதவில்லை. எந்த வழியில் வருகிறேன் என்று முன்னாலேயே சொல்லிவிட்டு, அந்த வழியிலேயே போய் இறங்க வேண்டும்.

அதற்கென்றே இணையத்தில் ஒரு குழு இருந்தது. சிலர் தங்கள் கணினியில் விமானம் ஓட்டுவார்கள், சிலர் கட்டுப்பாட்டு அறையில் இருப்பதுபோல் உட்கார்ந்து வழி சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் கூட்டமாகப் பறப்பார்கள். சேர ஒரு தேர்வு உண்டு. கோயம்புத்தூர்–சென்னை, பயணத் திட்டத்தோடு. இரண்டு வாய்ப்பு. இரண்டிலும் தோற்றால் ஒரு வருடம் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. ஒரு வருடத்தில் ஏதாவது ஒரு கம்பெனி என்னைப் பிடித்துப்போய் உட்கார வைத்துவிடும். அப்புறம் ஞாயிறு ஏது?

திட்டம் போட மென்பொருள் வேண்டும். எல்லோரும் புகழ்கிற ஒரு இணையதளம் இருந்தது. காற்று, எரிபொருள், வழி எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பக்கம் பக்கமாகத் தரும். ஆனால் வாத்தியார் குணம். ஒரு புள்ளியை மாற்றினால் போதும், சிவப்பு எழுத்தில் தப்பு என்று வந்து நிற்கும். இன்னொன்று, இணையமே தேவைப்படாத பழைய மென்பொருள். வெறும் வரைபடம், அதன்மேல் கோடு. எந்தப் புள்ளியை அழித்தாலும் சரி என்று கோட்டை நேராக்கிக்கொள்ளும். வாயே திறக்காது. எனக்கு அதைத்தான் பிடித்தது.

அடுத்து வருகை வழி. பெரிய விமான நிலையத்துக்குள் நுழைய, பெயர் வைத்த புள்ளிகளை வரிசையாகத் தொட்டு வரும் வழிகள் உண்டு. அந்தப் பருவக் காற்றுக்குச் சென்னையில் மேற்கு பார்த்துத்தான் இறங்க வேண்டும். ஆகவே நம் பக்கமிருந்து போகிறவன் விமான நிலையத்தைத் தாண்டி, கடலுக்கு மேல் வெகுதூரம் போய், சாவகாசமாகத் திரும்பி வர வேண்டுமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் மலையில் பஸ்ஸைத் தவறவிட்டவன் ஒற்றையடிப் பாதையில் இறங்கி ஓடி, நாலு வளைவுக்குக் கீழே அதே பஸ்ஸை மடக்கி ஏறுவான். நான் மடக்காத பஸ் கிடையாது. கடல்மேல் இருந்த நாலு புள்ளிகளையும் அழித்தேன். கரையைத் தாண்டியதும் ஒரே திருப்பம், நேரே ஓடுபாதை. மென்பொருள் வாய் திறக்கவில்லை.

வீட்டில் இணையம் கிடைக்காது. தண்ணீர்த் தொட்டிப் பாறைக்குப் பக்கத்தில்தான் சிக்னல் நிற்கும். அத்தை மகனின் ஜீப்பை அங்கே நிறுத்தச் சொல்லி, டேஷ்போர்டில் லேப்டாப்பை வைத்து, ஜீப் பேட்டரியிலிருந்தே சார்ஜுக்கு வயர் இழுத்தேன். அவனுக்கும் என் வயதுதான். பக்கத்துச் சீட்டில் வேர்க்கடலையோடு உட்கார்ந்துகொண்டான்.

முதல் தேர்வில் எங்கள் மலைவரை எல்லாம் ஒழுங்காகவே போனது. கரையைத் தாண்டித் திரும்பினேன். ஓடுபாதை மூக்குக்கு நேர் கீழே கிடந்தது, நான் ஏழாயிரம் அடி உயரத்தில் இருந்தேன். மூக்கைக் கவிழ்த்தேன். வேகம் ஏறியது, எச்சரிக்கை மணி அடித்தது. ஓடுபாதை முழுவதையும் மேலிருந்தே பார்த்துவிட்டுத் தாம்பரம் பக்கம் போய்விட்டேன்.

கட்டுப்பாட்டு அறையில் இருந்தது ஒரு பெண் குரல். "உங்க வழியில பாதியைக் காணோமே, என்னாச்சு?" என்று கேட்டார்.

"அது சுத்து வழிங்க மேடம்."

"அந்தச் சுத்துலதாங்க உயரத்தைக் குறைக்கணும். ஒரு வாய்ப்பு முடிஞ்சுது" என்றார்.

அத்தை மகன் கடலைத் தோலை ஊதினான். "நானும் வளைவு எல்லாத்தையும் உட்டுட்டு நேரா எறக்கட்டுமாடா? அஞ்சே நிமிசத்துல போளூரு. ஆனா ஆளுங்கள மூட்டையில கட்டித்தான் குடுக்கணும்."

"நடந்து எறங்கனா குறுக்கு வழி சரியா வருதில்ல?"

"உன் ப்ளேனுக்குக் காலு கீதா?"

அவன் கடலையைப் பிடுங்கித் தின்றேன். மறுநாள் பாறைமேல் உட்கார்ந்து அந்த வாத்தியார் இணையதளத்தையே திறந்தேன். வேண்டுமென்றே ஒரு புள்ளியை அழித்தேன். சிவப்பு எழுத்து வந்தது. இந்த முறை கோபம் வரவில்லை. கடல்மேல் போகும் முழு வழியையும் எடுத்து, எந்தப் புள்ளியில் எவ்வளவு உயரம் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

இரண்டாம் தேர்வு சனிக்கிழமை மதியம். ஜீப்பின் பின்சீட்டில் போளூர் போக ஒரு அம்மா ஏறி உட்கார்ந்துவிட்டார், மடியில் பலாப்பழம்.

"எப்பப்பா கெளம்பும்?"

"இவன் எறக்கினதும் கெளம்பிடலாம்க்கா" என்றான் அத்தை மகன்.

"இன்னாத்த எறக்கறான்?"

"ப்ளேனு. கோயம்புத்தூருலேருந்து சென்னைக்கு."

அந்த அம்மா எட்டிப் பார்த்தார். "கோயம்புத்தூருல ஏறுனவங்க இந்நேரம் எறங்கியிருப்பாங்க. நான் இன்னும் தொட்டியாண்டயே கீறேன்."

கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது லேப்டாப்பில் அதே பெண் குரல். "வேற விமானம் எதுவும் இல்லை. அடுத்த மூணு புள்ளியை விட்டுட்டு நேரா திரும்புறீங்களா?"

போன வாரம் எதற்காகத் தோற்கடித்தாரோ அதையே தட்டில் வைத்து நீட்டுகிறார். உடம்பு முழுக்க "சரி" என்றது. நோட்டைப் பார்த்தேன். அந்தத் திருப்பத்துக்கு நான் இன்னும் மூவாயிரம் அடி கீழே இருந்திருக்க வேண்டும்.

"குடுத்தா வாங்கிக்கடா, எனக்கு சவாரி நிக்குது" என்று அத்தை மகன் தொடையில் கிள்ளினான்.

"முடியாதுங்க மேடம். உயரம் அதிகமா இருக்கு. சுத்து வழியிலயே வர்றேன்."

"சரிங்க" என்றார். அதற்குப் பிறகான பத்து நிமிடமும் நோட்டில் இருந்த உயரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு இறங்கினேன். கடலைத் தாண்டிக் கரை வந்தது, ஓடுபாதை வந்தது, சக்கரம் ஒருமுறை துள்ளி உட்கார்ந்தது.

"துள்ளுனதுக்கு மார்க் குறையும். வழிக்கும், முடியாதுன்னு சொன்னதுக்கும் முழு மார்க். சேர்த்தாச்சு" என்றார்.

பின்சீட்டு அம்மா, "எறங்கிட்டானா? அப்ப வண்டிய எடு" என்றார்.

புதிதாகச் சேர்ந்தவர்தான் அடுத்த ஞாயிற்றுப் பயணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது குழுவின் வழக்கம். சென்னையிலிருந்து போர்ட் பிளேர் என்று எழுதிவிட்டேன். அங்கே ஓடுபாதையின் ஒரு முனையில் மலை இருக்கிறதாம், கடல் பக்கமிருந்து மட்டும்தான் இறங்க முடியுமாம். குழுவில் பாதிப் பேர் தயங்குகிறார்கள். அத்தை மகன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தீவுல எறங்க முடியலன்னா திரும்பி வர்றதுக்கு எண்ண போட்டுக்கினியா?" போடவில்லை. நாளைக் காலை பாறைக்குப் போய் அந்த எரிபொருள் கணக்கிலிருந்துதான் தொடங்கப் போகிறேன்.