கடலுக்குப் போன விளக்குகள்

மயிலை வெறுக்கிறேன். தோகையை விரித்து மூடி, விரித்து மூடி, திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் வரை எந்தத் திருவிழாவென்றாலும் வந்து நின்று எரியும் அந்த சீரியல் செட் மயிலை. அதற்கு ப்ரோக்ராம் எழுதிப் பிழைப்பவன் நான்தான். தாமரை, சங்கு, சுழலும் சக்கரம், மாதா தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். எல்லாம் நான் எழுதியவை. எதுவும் என்னுடையதல்ல.

என்னுடையது வேறு. விளக்குப் பலகையிலுள்ள ஒவ்வொரு எல்.இ.டி. விளக்கும் தன்னைச் சுற்றியிருக்கும் எட்டு விளக்குகளைப் பார்க்கும். எரிகிற விளக்கு, அவற்றில் இரண்டோ மூன்றோ எரிந்தால் தொடர்ந்து எரியும். குறைந்தால் தனிமையில் அணையும், கூடினால் நெரிசலில் அணையும். அணைந்து கிடப்பதைச் சுற்றிச் சரியாக மூன்று எரிந்தால் அது பற்றிக்கொள்ளும். அவ்வளவுதான் விதி. மேல் இடது மூலையில் ஒரு கூட்டத்தை ஏற்றிவிட்டு நான் கையைக் கட்டிக்கொள்ளலாம். அது துடித்துக்கொண்டே இருக்கும். அதிலிருந்து ஐந்து விளக்களவில் ஒரு சின்ன உருவம் கழன்று, புரண்டு புரண்டு குறுக்கே இறங்கி, வலது ஓரத்தில் மறையும். பின்னாலேயே அடுத்தது. யாரும் வரையாத ஊர்தல்.

லைட் காண்ட்ராக்டர் இதைப் பார்த்துக் கொட்டாவி விட்டான். பழகிய தோஷத்துக்காக, காத்திவாக்கம் பக்கத்துக் குப்பம் ஒன்றில் அம்மன் திருவிழாவுக்கு ஒரே ஒரு பலகையை என்னிடம் விட்டான்.

"எவனாவது ஒருத்தன் கொற சொன்னாலும், சாவுற வரைக்கும் உனுக்கு மயிலுதான் மாமு."

சவுக்குக் கம்பு கட்டிப் பலகையை நிறுத்தினோம். அதற்குள் வள்ளூர் அனல்மின் நிலையச் சாம்பல் ஒரு படலம் படிந்துவிட்டது. நானே துடைத்தேன். கம்பு நிற்கிற அளவுக்கு மணல் இறுகிய இடம் அங்கே ஒன்றுதான். பலகை கோயிலைப் பார்த்தது. அதன் வலது ஓரம் கடல் பக்கம் அமைந்தது. யார் அதையெல்லாம் யோசித்தார்கள்.

மாலையில் கொடி ஏறியது, பலகை எரிந்தது. சனம் அண்ணாந்து பார்த்தது. அப்புறம் முணுமுணுப்பு. ஊர்த் தலைவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

அந்தக் குப்பத்தில் கொடி ஏறினால், அது இறங்கும்வரை ஒரு படகும் கடலில் இறங்கக் கூடாது. மீறியவன் வீட்டு வாசலில் அம்மன் ஊர்வலம் நிற்காது, தாண்டிப் போய்விடும்.

"எங்காளு எவனும் தொழிலுக்குப் போவல. உன் போர்டுல மட்டும் இன்னாய்யா வரிசயா கடலுக்குப் போய்க்கினே கீது?"

அது படகில்லை என்றேன். எதுவுமே இல்லை, வெறும் விதி என்றேன்.

"ஒண்ணுமில்லாததுக்கு இன்னாத்துக்கு இம்மாம் கரண்டு?" என்றாள் முன்வரிசையில் நின்ற மீன்காரி ஒருத்தி. மொத்தக் குப்பமும் சிரித்தது. ஒவ்வொரு பல்லும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. கம்பைப் பிடுங்க இரண்டு பேர் கைலியை மடித்துக் கட்டினார்கள். மயில் வண்டியிலேயே இருக்கிறது என்று காண்ட்ராக்டர் என் காதில் சொன்னான். கையோடு கொண்டுவந்திருக்கிறான், சண்டாளன்.

லேப்டாப்பைத் திறந்தேன். சமாதானத்துக்கு அல்ல, வீம்புக்கு. ஒரு வரியை மாற்றினால் பலகையின் எதிரெதிர் ஓரங்களை ஒட்டிவிடலாம். வலப்பக்கம் போனது இடப்பக்கம் வந்து சேரும். போனதெல்லாம் திரும்பி வரும், போதுமா என்று கத்தினேன்.

திரும்பி வந்தன. வந்தவை, தங்களைப் பெற்ற கூட்டத்தின் மேலேயே போய் மோதின. பலகை முழுக்கத் தீப்பிடித்தாற்போல் ஒரு கலவரம். பிறகு ஒவ்வொன்றாக அடங்கி, நந்நான்கு விளக்காக, சதுரம் சதுரமாக ஆங்காங்கே நின்றன. விதிப்படி அவை இனி என்றைக்கும் அசையாது. நான் பார்த்துப் பார்த்து வளர்த்தது என் கண்ணெதிரே பிணமாகி எரிந்துகொண்டிருந்தது.

தலைவர் மோவாயைத் தடவினார். "இப்ப அல்லாம் கரையில கீது. இருக்கட்டும்."

கைலிகள் இறங்கின. ராயபுரத்து மாதா கோயிலுக்கும் இதையே போடலாம், ஆடாமல் நின்றால் கண்ணுக்குக் குளுமையாக இருக்கிறது என்று காண்ட்ராக்டர் முதுகில் தட்டினான். அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

கீழ் ஓரத்தில் மூன்று விளக்குகள் மட்டும் நின்றும் படுத்தும் மாறி மாறி எரிந்துகொண்டிருந்தன. தலைவர் விரலை நீட்டினார்.

"அத்தயும் நிறுத்து."

"வுடு நைனா," என்றாள் மீன்காரி. "நங்கூரம் போட்ட போட்டு ஆடத்தான் செய்யும்."

படகில்லை என்று மறுபடி சொல்ல வாயெடுத்தேன். லேப்டாப்பை மூடி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.