சூரியன் சுத்தமாக இருந்த நாள்

சுலேமா ஒவியேதோ இருபத்தாறு வருஷம் சூரியனை வரைந்தாள். சான் ஹுவான் மலைமேல் இருந்த எங்கள் சூரிய நிலையத்துக்கு முதலில் தரை துடைக்கத்தான் வந்தாள். அங்கே ஜெனரேட்டர் பார்த்துக்கொண்டவன் நான். துணியில் பூ போடுகிற அவள் கைவாகைப் பார்த்த இயக்குநர், ஒருநாள் பென்சிலைக் கொடுத்து உட்கார வைத்தார். பதிவேட்டில் மட்டும் கடைசிவரை 'துப்புரவு' என்றே போட்டிருந்தார். அந்த ஆளை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

காலை ஒன்பது மணிக்குத் தொலைநோக்கி சூரியனைச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தாளில் விழச் செய்யும். கரும்புள்ளிகளை அவள் அப்படியே பென்சிலால் எடுப்பாள். பிறகு சிவப்புக் கண்ணாடி போட்டுப் பார்த்தால், புள்ளி இல்லாத இடத்தில்கூடச் சில நாள் கறுப்பு இழைகள் தெரியும். அவற்றையும் வரைவாள். இயக்குநர் ஒரு விதி வைத்திருந்தார். முந்தைய நாள் தாளைப் பார்க்கவே கூடாது, பார்த்தால் கை பொய் சொல்லும். தெரிவதை எழுது, தெரியாததை எழுதாதே. வரைந்த தாள் அன்றே பெட்டிக்குள் போய்ப் பூட்டு விழுந்துவிடும்.

அம்மா செத்தபோது அவள் தம்பி டெல்ஃபோருக்கு நாலு வயது. சுலேமாதான் வளர்த்தாள். கல்யாணம் என்று யாராவது பேச்செடுத்தால், "எனக்கு ஏற்கெனவே ஒரு பிள்ளை இருக்கு" என்று வாயை அடைத்துவிடுவாள். அவன் வளர்ந்து நிதியாவைக் கட்டிக்கொண்டு, எல்லைப் பக்கம் நாலாயிரம் மீட்டர் உயரத்தில் இருந்த சுரங்க ஆய்வு முகாமில் கோவேறு கழுதை ஓட்டப் போனான். அங்கே ரேடியோவைத் தவிர வேறு தொடர்பில்லை. சூரியன் முறைத்தால் ரேடியோ செத்துவிடும் என்பதை முகாம் பட்டுத் தெரிந்துகொண்டிருந்தது. அதனால் தினமும் பத்து மணிக்கு எங்களைக் கூப்பிடுவார்கள். சூரியனுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'தடியன்'.

"அக்கா, தடியன் எப்படி இருக்கான்?"

"மூஞ்சில ரெண்டு பரு. உனக்கு அவன் எவ்வளவோ தேவலை."

"அப்ப மேல போகலாமா?"

"சுத்தமானா சொல்றேன். அதுவரைக்கும் கழுதையோட கழுதையா கிட."

அவள் வாயிலிருந்து 'சுத்தம்' என்ற சொல் வந்தால்தான், முகாமுக்கு மேலே ஒருநாள் தூரத்தில் இருந்த குடிசைக்கு ஆள் அனுப்புவார்கள். குடிசைக்குப் பின்னால் மேற்கே பெரிய பாறைச்சுவர். அந்தப் பக்கம் என்ன திரண்டு வந்தாலும் குடிசையில் இருப்பவனுக்குத் தெரியாது. முகாமில் இருப்பவன்தான் பார்த்து ரேடியோவில் சொல்லவேண்டும்.

எண்பத்தைந்து மே மாதம். பூமியின் தென்பாதியில் அப்போதுதான் பனிக்காலம் தொடங்கும், அதற்காக முகாமை மூடப்போகிற வாரம். சூரியனில் புள்ளியே இல்லை, ஒரே ஒரு நீள இழை மட்டும். கிழக்கு ஓரத்தில் தலைகாட்டி, ஏழு நாளாக நகர்ந்து, திங்கட்கிழமை நட்டநடுவுக்கு வந்திருந்தது. குடிசையிலிருந்த கருவிகளை இறக்க டெல்ஃபோர் காத்திருந்தான். செவ்வாய்க்கிழமை காலை இழை இல்லை.

"எங்கே உன் புழு?" என்று நான்தான் கேட்டேன்.

"போய்த் தொலைஞ்சுது. பாரேன், மூஞ்சி என்ன பளிச்சுனு இருக்கு!"

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. தாளில் வெறும் வட்டம் போட்டுத் தேதி எழுதினாள். பத்து மணிக்கு ரேடியோவில், "சுத்தம்டா. போயிட்டு சீக்கிரம் இறங்கு" என்றாள்.

புதன்கிழமை டெல்ஃபோரும் இன்னும் இரண்டு பேரும் குடிசைக்கு ஏறினார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் ரேடியோவில் பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது. அதே சாயங்காலம் முகாமிலிருந்தவர்கள், மேற்கே வானம் வெளுத்து எழும்புவதைப் பார்த்தார்கள். பனியை வாரியடிக்கிற வெண்காற்று வருகிறது, குடிசையை விட்டு அசையாதீர்கள் என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். எதுவும் போய்ச் சேரவில்லை. வெள்ளிக்கிழமை காலை மூன்று பேரும் சொன்ன நாளுக்குச் சொன்னபடி இறங்கினார்கள். சனிக்கிழமை கோவேறு கழுதைகள் மட்டும் கருவிகளைச் சுமந்துகொண்டு முகாமுக்கு வந்தன. ஆட்களை ஐந்தாம் நாள்தான் பனிக்குள்ளிருந்து பிணமாகத் தோண்டி எடுத்தார்கள்.

ரேடியோ ஏன் செத்தது என்று பார்க்க, ஆகஸ்டில் தலைநகரிலிருந்து பெர்த்தோலி என்ற ஆராய்ச்சியாளர் வந்தார். பெட்டியைத் திறந்து திங்கள், செவ்வாய்த் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மனிதர் முகம் மலர்ந்துபோனது.

"இதோ மாட்டிக்கிச்சு! இந்த இழை, காந்தக் கோடுகள் தொட்டில் மாதிரி தாங்கிப் பிடிச்சிருக்கிற வாயுதாம்மா. சுத்தி இருக்கிறதைவிடக் குளிர்ச்சி, அதான் கறுப்பாத் தெரியுது. அடியில சூரியன் புரண்டுக்கிட்டே இருக்கா, கோடுங்க முறுக்கேறிக்கிட்டே போகும். தாங்குற வரைக்கும் தாங்கும். அப்புறம் மேலே அமுக்கிப் பிடிச்சிருக்கிற கோடுங்க அறுந்து, மாத்தி ஒட்டிக்கும். இழை எழும்பிடும். சூரியனோட மேல்வாயுவை நூறு கோடி டன் வாரிக்கிட்டுப் பறந்துடும்."

"எங்கே?" என்றாள் சுலேமா.

"ஓரத்துல இருந்து போனா எங்கேயோ. நடுவுல இருந்து காணாமப் போனா, பெரும்பாலும் நம்மளைப் பார்த்துத்தான்."

"வந்து சேர எத்தனை நாள்?"

"இது ரெண்டரை நாள் எடுத்திருக்கு."

அவள் இரண்டு தாளையும் பார்த்துக்கொண்டே நின்றாள். சூரியன் சுத்தமாகவில்லை, சுட்டுவிட்டது. வெறும் வட்டம்தான் எச்சரிக்கை. முந்தைய தாளைப் பார்க்காதே என்று சட்டம் போட்டவர் அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தார்.

மறுவாரம் நிதியா மலையேறி வந்தாள். மூன்று மாதத்தில் பாதியாகியிருந்தாள். மாத்தே இலைத் தேநீர் கலந்து கொடுத்தேன், தொடவில்லை.

"கம்பெனிக்காரங்க, இது யாருக்குமே தெரிஞ்சிருக்க முடியாதுங்கறாங்க அக்கா. நீங்கதான் தினமும் அதைப் பார்க்கிறவங்க. நீங்க சொன்னா நம்புவேன். நெஜமாவே யாருக்கும் தெரியாதா?"

நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, வேண்டாம் என்று சுலேமாவுக்குத் தலையாட்டினேன். கையெடுத்துக்கூடக் கும்பிட்டேன்.

சுலேமா அந்த இரண்டு தாளையும் எடுத்துவந்து மேஜைமேல் வைத்தாள். "எனக்குத் தெரிஞ்சிருக்கணும். இது திங்கள், இது செவ்வாய். நடுவுல இருந்தது மறுநாள் இல்லை. நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் சுத்தம்னு சொன்னேன். ரெண்டரை நாள் இருந்துச்சு நிதியா. ஒரு ஆளைக் கழுதையில அனுப்பியிருந்தாக்கூட அவன்கிட்ட சேதி போயிருக்கும்."

நிதியா அந்த வட்டத்தையே பார்த்தாள். எழுந்து தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"இதைச் சொல்லாம இருந்திருந்தா, எனக்கு ஒரு நாத்தனாராவது மிஞ்சியிருப்பா" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள்.